'லைவ் அட் லீட்ஸ்' எல்பி: எந்தக் கரகரப்பு டேப்பில், எது ரெக்கார்டில், எது உங்கள் ஊசியில்?

பிரிட்டிஷ் ராக் குழுவான தி ஹூவின் 'லைவ் அட் லீட்ஸ்' எல்பியில் (லாங்-பிளே ரெக்கார்டில்) கோளாறு தேடும்போது ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பதிவாகி, அதே ஆண்டு மே மாதம் வெளிவந்த தட்டு இது. அதன் லேபிளிலேயே கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: கரகரப்பு இருந்தால் பரவாயில்லை, திருத்த வேண்டாம். அச்சிடும் இன்ஜினியருக்காக எழுதியது அது. இந்தக் குறிப்பால் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் மூலப் பதிவு டேப்பிலேயே இருக்கும் சத்தத்தை ரெக்கார்டின் அழுக்கு என்று நினைத்து, நல்ல தட்டைத் தேய்த்துத் தேய்த்தே கெடுக்கிறார்கள். இன்னும் சிலர் தேய்ந்த ஊசியை வைத்துக்கொண்டு, 'லேபிளிலேயே போட்டிருக்கே' என்று வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இரண்டாவது வகையினர்தான் அதிகம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டையும் செய்துவிடுங்கள். நன்றாக ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்த வேறொரு ரெக்கார்டைப் போட்டுக் கேளுங்கள். அதிலும் அதே குறை இருந்தால் கோளாறு டேபிளில் (தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில்), இந்தத் தட்டை உறைக்குள் வைத்துவிடலாம். இரண்டாவதாக, ஊசி முனையை ஒரு லென்ஸில் பாருங்கள். சாம்பல் பஞ்சு மாதிரி ஒரு உருண்டை தொங்கினால் பாதிப் பிரச்சினை அதுதான். கார்பன் ஃபைபர் அல்லது மென்மையான ஊசி பிரஷால் பின்னிருந்து முன்னாக மட்டும் துடையுங்கள். முன்னிருந்து பின்னாகவோ பக்கவாட்டிலோ துடைத்தால் ஊசியைத் தாங்கும் கம்பி வளையும்.

## அறிகுறி 1: டிக் டிக், பொரிதல், சரசரப்பு

பாட்டு தொடங்குவதற்கு முன் ஊசி ஓடும் வெற்றுத் தடத்தையும், பக்கம் முடிந்தபின் ஓடும் தடத்தையும் முதலில் கேளுங்கள். அங்கே டேப்பின் சத்தம் எதுவும் கிடையாது. அங்கேயே பொரிந்தால் அது ரெக்கார்டின் அழுக்கோ தேய்மானமோதான், பழியை டேப் மேல் போட முடியாது. அங்கே அமைதியாக இருந்து பாட்டுக்குள் மட்டும் டிக் வந்தால் கீழே பிரித்துப் பாருங்கள்.

1.8 விநாடிக்கு ஒருமுறை சீராக வருகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். டிக்... டிக்... டிக் என்று அந்தக் கணக்கில் வந்தால் கீறல், அல்லது ஒட்டிக்கொண்ட துகள். மேசை விளக்கைச் சாய்வாகப் பிடித்து, தட்டை மெல்லத் திருப்பிப் பாருங்கள். விரல் நகத்தை வைக்காமல் கண்ணாலேயே கீறலின் திசையைப் பார்க்கலாம். தடங்களைக் குறுக்கே வெட்டும் மயிரிழைக் கீறல் டிக் மட்டும் போடும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல் ஊசியைத் தள்ளிவிடும். அதற்கு அறிகுறி 2-க்குப் போங்கள். துகளாக இருந்தால் 10 மடங்கு லென்ஸில் ஒரு சின்ன மேடு தெரியும். ஈரத்தால் கழுவிய பிறகும் அது போகவில்லையென்றால், மரப் பல்குச்சியின் முனையைத் தண்ணீரில் நனைத்து, தடத்தின் திசையிலேயே அழுத்தாமல் வருடலாம். உலோகம் எதையும் கொண்டுபோக வேண்டாம்.

ஒவ்வொரு முறை போடும்போதும் வேறு வேறு இடத்தில் வருகிறது. நிலை மின்சாரம், அல்லது மேலாகக் கிடக்கும் தூசி. தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது சடசடவென்று கேட்டாலோ, கை முடி நிற்பதுபோல் இருந்தாலோ சந்தேகமே வேண்டாம். காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாலிஎத்திலீன் பூசிய உள்ளுறைக்கு மாற்றுங்கள். கார்பன் பிரஷை ஓடும் தட்டின் மேல் இரண்டு மூன்று சுற்று வைத்து, தூசியை ஒரு கோடாகச் சேர்த்து, வெளிப்பக்கமாக இழுத்து எடுங்கள். பிரஷை அப்படியே நேராகத் தூக்கினால் தூசி அங்கேயே தங்கிவிடும்.

எப்போதும் ஒரே இடத்தில் வருகிறது, ஆனால் 1.8 விநாடிக் கணக்கில் அடங்கவில்லை. இதுதான் லேபிள் சொல்லும் சத்தம். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'ஷேக்கின் ஆல் ஓவர்' இதற்குப் பேர்போனது. குழுவின் ஜான் என்ட்விசிலின் பேஸ் கிதார் வயரிலிருந்து வந்த சத்தம் என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இது வரும் விதமே வேறு. ஒரு கொத்தாக நாலைந்து தட்டும், நிற்கும், பிறகு சம்பந்தமில்லாத இடத்தில் ஒன்று வரும். வாட்ச் வைத்துப் பார்த்தால் எந்த இடைவெளியும் பொருந்தாது. இதற்குச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. கழுவிவிட்டு மறுபடி கேளுங்கள். அதே இடத்தில், அதே அளவில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1995-இல் வந்த நீட்டிக்கப்பட்ட சிடியில் இந்தச் சத்தங்களை டிஜிட்டல் முறையில் துடைத்திருக்கிறார்கள். அதன்பின் வந்தவையும் பெரும்பாலும் அந்த வழிதான். 'இணையத்தில் கேட்டேன், அதில் டிக் இல்லை, என் ரெக்கார்டில் இருக்கிறது, அப்படியென்றால் ரெக்கார்டுதான் கெட்டிருக்கிறது' என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். ஒப்பிட வேண்டுமானால் இன்னொரு பழைய எல்பி, அல்லது 1995-க்கு முந்தைய சிடி வேண்டும்.

பாட்டு முழுக்க அடியில் மழைபோல் ஒரு சரசரப்பு. தடத்துக்குள் இறங்கிய அழுக்கு, பூஞ்சை, தேய்மானம், இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

கழுவும் முறை: 800 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 200 மி.லி. ஐசோபுரொபைல் ஆல்கஹால், ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் 2 அல்லது 3 சொட்டு. அதற்கு மேல் விட்டால் சோப்புப் படலம் தங்கி, அதுவே புதிதாகப் பொரியத் தொடங்கும். குழாய்த் தண்ணீர் கூடாது; காய்ந்தபின் உப்பு தடத்துக்குள் உட்கார்ந்துவிடும். ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 மி.லி. போதும். லேபிளிலிருந்து ஒரு விரல் தள்ளி ஊற்றி, வெல்வெட் பட்டை அல்லது மென்மையான மைக்ரோஃபைபரால் தடத்தின் திசையில் வட்டமாக மூன்று சுற்று, பிறகு எதிர்த்திசையில் மூன்று சுற்று. ஒரு நிமிடம் ஊறவிட்டு, வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை அலசி, நிழலில் நிறுத்தி வைத்து அரை மணி நேரம் காயவிடுங்கள். லேபிளில் தண்ணீர் பட்டால் கறை நிற்கும். இந்தத் தட்டில் லேபிளின் கையெழுத்துக்கே தனி மதிப்பு என்பதால் அங்கே கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய ஷெல்லாக் தட்டுகளும் இருந்தால் இந்தக் கலவையை அவற்றின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹால் அவற்றைக் கரைத்துவிடும்.

இரண்டு முறை கழுவியும் மழைச்சத்தம் குறையவில்லையென்றால், உறிஞ்சு கழுவும் இயந்திரமோ அல்ட்ராசோனிக் இயந்திரமோ வைத்திருப்பவரிடம் ஒருமுறை கொடுங்கள். அங்கேயும் மாறவில்லையென்றால் தேய்மானம்தான். யாரோ முன்பு கனமான ஊசியில் ஓட்டித் தள்ளிய தட்டு அது. அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது.

## அறிகுறி 2: ஊசி தாவுகிறது, அல்லது ஒரே வரியில் மாட்டிக்கொள்கிறது

எந்தப் பக்கம் தாவுகிறது என்று பாருங்கள். பாட்டு முன்னோக்கித் தாவினால், அதாவது இடையில் சில வரிகள் காணாமல் போனால், ஊசியைத் தாங்கும் கை (டோன்ஆர்ம்) உள்பக்கம் இழுபடுகிறது. ஆன்டிஸ்கேட்டிங் (கையை லேசாக வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் அமைப்பு) குறைவாக இருக்கலாம். ஒரே இடத்திலேயே திரும்பத் திரும்பச் சுற்றினால் அது மிகுதியாக இருக்கலாம், அல்லது வழியில் ஏதோ தடுக்கிறது.

1. டேபிள் மட்டமாக இருக்கிறதா? ஸ்பிரிட் லெவலைத் தட்டு சுழலும் பிளாட்டரின் மேலேயே வைத்து, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனால் பலரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

2. புதிதாக வாங்கியதோ, வீடு மாற்றி எடுத்து வந்ததோ என்றால், பயணத்துக்காக முடுக்கிய திருகுகள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

3. ஊசி அழுத்தம். கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி) கம்பெனி சொன்ன எடைதான் கணக்கு. ஆடியோ-டெக்னிகா விஎம்95இ-க்கு 2.0 கிராம், ஓர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். ஆன்டிஸ்கேட்டிங்கை 0-வில் வையுங்கள். ஊசி மூடியைக் கழற்றி, பின் எடையைத் திருகிக் கை அந்தரத்தில் மட்டமாக மிதக்கும்படி செய்யுங்கள். எடையின் எண் வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்பி, பிறகு எடையோடு சேர்த்துத் தேவையான கிராமுக்குத் திருகுங்கள். ஆன்டிஸ்கேட்டிங்கையும் அதே எண்ணுக்கு வையுங்கள். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஊசித்தராசு கிடைக்கும். வளையத்தின் எண்ணை நம்புவதைவிட அது மேல்.

அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு தேயாது என்று நினைத்து 1.8-க்குப் பதில் 1.2-வில் ஓட்டுவது தவறு. லேசான ஊசி தடத்தின் சுவரில் மோதி மோதி ஆடும். தட்டைக் கெடுப்பது அந்த ஆட்டம்தான். சந்தேகமாக இருந்தால், சொன்ன வரம்புக்குள் மேல்பக்கமாக வையுங்கள். ஊசியின் மேல் நாணயம் ஒட்டுவது, பஞ்சு ஒட்டுவது எல்லாம் தீர்வு இல்லை.

4. கை தடையின்றி நகர்கிறதா? கையை மட்டத்தில் மிதக்கவிட்டு, மெல்ல ஊதுங்கள். உள்ளும் வெளியும் சோம்பலாக மிதந்து போக வேண்டும். ஓரிடத்தில் நின்றாலோ துள்ளினாலோ பேரிங்கில் சிக்கல், அல்லது உள்ளே போகும் மெல்லிய வயர் இழுக்கிறது. இங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். அந்த வயர்கள் முடியைப் போல மெல்லியவை, வீட்டுச் சால்டரிங் அயர்னுக்கு ஏற்ற வேலை இல்லை.

5. இதெல்லாம் சரி, மற்ற தட்டுகள் ஒழுங்காக ஓடுகின்றன, இந்தத் தட்டில் ஒரே இடம் மட்டும் என்றால் கீறல். கழுவுங்கள், துகளைப் பாருங்கள். அதற்கு மேல் இல்லை.

வளைந்த தட்டு. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கை ஏறி இறங்கினாலும் ஊசி தடத்தை விடாமல் போனால் அப்படியே விடலாம். தாவினால், தட்டை உள்ளுறையோடு இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்கள் அடுக்கி, அறை வெப்பத்திலேயே பல வாரம் விடுங்கள். வெயிலில் வைப்பது, ஓவன், இஸ்திரிப் பெட்டி எதுவும் வேண்டாம். வளைவு நிமிரலாம், ஆனால் தடம் உருகிப் போகும், அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். விலைமதிப்புள்ள முதல் அச்சு என்றால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தித் தட்டு நிமிர்த்தும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுப்பது சரி.

## அறிகுறி 3: பக்கத்தின் முடிவில் குரல் கிழிகிறது

முதல் பக்கம் 'ஷேக்கின் ஆல் ஓவர்', இரண்டாம் பக்கம் 'மேஜிக் பஸ்'. இந்த இரண்டும் உள் விளிம்பில் இருப்பவை, ஊசிக்குக் கடினமான இடம். முதல் பக்கத்தில் வயர் சத்தமும் இதே பாட்டில்தான் வருகிறது என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். வயர் சத்தம் கூர்மையான, குட்டையான டிக். ஊசிக் கோளாறு அப்படி இராது. ரோஜர் டால்ட்ரி 'ஸ', 'ஷ' வரும் சொல்லைப் பாடும்போது எச்சில் தெறிப்பதுபோல் ஷ்ஷ்ஷ் என்று கிழியும், சிம்பல் தகரம் தட்டுவதுபோல் ஒலிக்கும்.

கிதாரை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். பீட் டவுன்ஷெண்டின் கிதார் ஆம்பிலேயே உடைந்து, கரகரத்துத்தான் வருகிறது. அதுதான் அந்தச் சத்தத்தின் உயிர். அதைச் 'சரிசெய்ய' ட்ரெபிளைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் கம்பளிக்குள் பாடுவதுபோல் கேட்பவர்கள் உண்டு. குரலையும் சிம்பலையும் மட்டும் கேளுங்கள்.

முதலில்: ஊசி முனை. துடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

அடுத்து: அழுத்தம். மேலே சொன்னபடி தராசில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து: கார்ட்ரிட்ஜ் கோணம். ஹெட்ஷெல்லில் (கையின் முனையில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் பகுதியில்) நீளத் துளை இருந்தால் இதை நீங்களே சரிசெய்யலாம். தட்டின் நடுவிலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. என்று இரண்டு புள்ளி உள்ள புரொட்ராக்டரை (கோணம் பார்க்கும் தாளை) அச்சிட்டுக்கொள்ளுங்கள். அச்சிட்டதும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிரிண்டர் 97 சதவீதத்துக்குச் சுருக்கிவிட்டால் வேலை முழுக்க வீண். இரண்டு திருகுகளையும் லேசாகத் தளர்த்தி, இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜின் பக்கம் கோட்டுக்கு இணையாக வரும்வரை முன்பின்னாக நகர்த்துங்கள். ஒன்றில் சரி, மற்றதில் சரியில்லை என்றால் நகர்த்தியது போதவில்லை. திருகை முடுக்கும்போது கார்ட்ரிட்ஜ் ஒரு மயிரிழை திரும்பும். முடுக்கிய பிறகு மறுபடி பார்க்கவும். ஊசி மூடியைப் போட்டுக்கொண்டு திருகுங்கள், அளக்கும்போது மட்டும் கழற்றுங்கள். ஸ்க்ரூடிரைவர் நழுவி ஊசியில் விழுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

அடுத்து: ஊசியின் வயது. ஆடியோ-டெக்னிகா தன் ஊசிகளுக்குச் சொல்லும் கணக்கில் எலிப்டிகல் வடிவ முனை 300 மணி நேரம், மைக்ரோலினியர் வடிவ முனை 1000 மணி நேரம். இந்த எல்பி இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 38 நிமிடம். ஆக, எலிப்டிகல் ஊசியில் இந்த ஒரு தட்டை மட்டுமே ஓட்டினாலும் 470 தடவை வரும். எத்தனை மணி நேரம் ஓடியது என்றே தெரியாத ஊசி, பழைய டேபிளோடு வந்த ஊசி என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். முழுக் கார்ட்ரிட்ஜும் வேண்டியதில்லை, பல மாடல்களில் ஊசியை மட்டும் இழுத்து எடுத்துப் புதியதைச் செருகலாம்.

கடைசியாக: புது ஊசி, சரியான கோணம், சரியான எடை, இருந்தும் இந்தத் தட்டில் மட்டும் கிழிகிறது என்றால் தடம் தேய்ந்துவிட்டது. மைக்ரோலினியர், ஷிபாட்டா போன்ற முனைகள் சுவரில் வேறு உயரத்தில் தொடுவதால் சில தட்டுகளில் கேட்கும்படி ஆகும். ஆனால் அந்த விலையில் நல்ல நிலையிலுள்ள இன்னொரு பிரதி கிடைத்தால் அதை வாங்குவதே மேல்.

## அறிகுறி 4: கிதார் காணவில்லை, அல்லது பேஸ் காணவில்லை

இந்தத் தட்டில் ஒரு பக்க ஸ்பீக்கர் செத்தால் உடனே தெரியும். கிதாரும் பேஸும் எதிரெதிர்ப் பக்கம் பிரிந்து நிற்கின்றன, குரலும் டிரம்ஸும் நடுவில். கீத் மூன் தட்டுவது தெளிவாகக் கேட்கிறது, கிதார் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருகிறது என்றால் பாட்டில் குறை இல்லை, ஒரு சேனல் போய்விட்டது.

ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, டேபிளிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை பின்களை இடம் மாற்றிச் செருகுங்கள். செத்த பக்கம் மாறினால் கோளாறு டேபிள் பக்கம். மாறவில்லையென்றால் ஆம்ப் அல்லது ஸ்பீக்கர் பக்கம்; ஸ்பீக்கர் வயர்களையும் அதேபோல் மாற்றிப் பார்த்துப் பிரியுங்கள்.

டேபிள் பக்கம் என்றால், கழற்றக்கூடிய ஹெட்ஷெல்லைக் கழற்றி, பின்பக்கமுள்ள நான்கு முனைகளையும் கையின் உள்ளே உள்ள நான்கு முனைகளையும் ஐசோபுரொபைல் தொட்ட பட்ஸால் துடையுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். இல்லையென்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு வயர்: சிவப்பும் பச்சையும் வலது, வெள்ளையும் நீலமும் இடது. ஒன்று தளர்ந்திருக்கலாம். விரலால் இழுக்காமல் கூர்மூக்கு இடுக்கியால் உலோகக் குழாயைப் பிடித்து மெல்லத் தள்ளுங்கள். வலதையும் இடதையும் கார்ட்ரிட்ஜிலேயே மாற்றிப் போட்டபின் செத்த பக்கமும் மாறினால் கார்ட்ரிட்ஜ் போச்சு. எம்எம் (உள்ளே காந்தம் அசையும்) வகை கார்ட்ரிட்ஜை வயரிலிருந்து பிரித்து, மல்டிமீட்டரில் ஓம் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும், ஒன்று திறந்த சுற்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. எம்சி (உள்ளே சுருள் அசையும்) வகையில் மல்டிமீட்டர் வைக்க வேண்டாம். வயரை மாற்றிப் போட்டும் செத்த பக்கம் மாறவில்லையென்றால் கையின் உள் வயர், அதாவது மெக்கானிக்.

## அறிகுறி 5: சத்தம் கூட்டினால் ஊளையிடுகிறது

இந்த ஆல்பத்தை மெல்லக் கேட்பவர்கள் குறைவு என்பதால் இதை அடிக்கடி பார்க்கலாம். ஊளையும் ஹம்மும் வேறு வேறு, முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, நிற்கும் தட்டின் மேல் ஊசியை இறக்குங்கள். ஆம்பின் வால்யூமை மெல்ல மெல்ல ஏற்றுங்கள், விரலை அதிலேயே வைத்திருங்கள். ஓரிடத்தில் 'ஊ...' என்று தொடங்கி வளர்ந்தால், ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குத் திரும்பி வருகிறது. உடனே குறைத்துவிடுங்கள், ஸ்பீக்கரின் கூம்பு கிழியும். தீர்வு இடமாற்றம்தான். ஸ்பீக்கரும் டேபிளும் ஒரே பலகையில் இருக்கக் கூடாது. டேபிளைச் சுவரில் பொருத்திய அலமாரிக்கு மாற்றினால் நடக்கும்போது ஊசி குதிப்பதும் நிற்கும். மூடியைத் திறந்து வைத்து ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில டேபிள்களில் அந்த மூடியே ஸ்பீக்கர் காற்றை வாங்கி அதிரும்.

தானாக வளர்ந்துகொண்டே போகாமல் சீராக 'ம்ம்ம்' என்று அடியில் இருந்தால் ஹம். எர்த் வயர் ஆம்பின் பின்னால் உள்ள திருகில் மாட்டியிருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கையின் உலோகத்தைத் தொட்டால் ஹம் குறைந்தால் எர்த்தில்தான் கோளாறு. தொட்டும் மாறவில்லையென்றால் பவர் அடாப்டர், வைஃபை ரவுட்டர், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றிலிருந்து டேபிளைத் தள்ளி வையுங்கள். கார்ட்ரிட்ஜ் வயரைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சுவர் பிளக்கின் எர்த் முனையை ஒடித்து ஹம்மை நிறுத்தும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஷாக் அடிக்கும். சுவரின் எர்த்தே சரியில்லை என்று தெரிந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சத்தம் மிக மெலிந்து, பேஸே இல்லாமல் கொசுபோல் கேட்டால் டேபிளை ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைக் கூட்டித் தரும் கருவி) இல்லாமல் ஆம்பின் சாதாரண 'ஆக்ஸ்' துளையில் மாட்டியிருக்கிறீர்கள். எக்கச்சக்கமாக உருமி உடைந்தால் இரண்டு ப்ரீஆம்ப் வரிசையில் நிற்கின்றன: டேபிளின் பின்னால் 'லைன்' என்று வைத்துவிட்டு ஆம்பில் ஃபோனோவில் செருகியிருப்பீர்கள். ஒன்றை மாற்றினால் போதும்.

## அறிகுறி 6: பாட்டு மந்தமாக ஓடுகிறது, அல்லது ஆடுகிறது

தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டி எண்ணுங்கள். 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஸ்ட்ரோப் தட்டு (வேகம் சரியென்றால் விளக்கொளியில் கோடுகள் நின்றதுபோல் தெரியும் தட்டு) பயன்படுத்துவதானால் 33⅓-க்கு 180 கோடு உள்ளது வேண்டும். 216 கோடு 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது. சில எல்இடி விளக்குகள் மின்சாரத்தின் தாளத்தில் மினுங்குவதில்லை, பழைய குண்டு பல்பு நல்லது.

சுற்று 83, 84 என்று வந்தால் அமெரிக்காவிலிருந்து வந்த பழைய சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கேற்ப வேகம் மாறும்) டேபிள். 60 ஹெர்ட்ஸுக்கானது 50-இல் ஓடினால் நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் வரும். வோல்டேஜை மட்டும் மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இதைத் தீர்க்காது. அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைக்குமா என்று பாருங்கள்.

97, 98 என்றால் பெல்ட். கழற்றி, பாத்திர சோப்பில் கழுவி, பவுடர் போடாமல் காயவைத்து மாட்டிப் பாருங்கள். தளர்ந்து தொங்கினால் புது பெல்ட். அதன்பிறகும் போகவில்லையென்றால், டிசி மோட்டார் உள்ளவற்றில் அடியில் அல்லது மோட்டாரின் பின்னால் வேகத்துக்கான சின்னத் திருகு இருக்கும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். மோட்டார் சூடாகிறது, முனகுகிறது என்றால் சர்வீஸ்.

வேகம் சரி, ஆனால் நீண்ட சுரம் 1.8 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்றால் நடு ஓட்டை நடுவில் இல்லை. முடிவுத் தடத்தில் கை இடவலமாக ஆடுவதைப் பார்த்தால் தெரியும். ஓட்டையை அரத்தால் பெரிதாக்கி நகர்த்தி வைக்கும் வழி ஒன்று உண்டு. முதல் அச்சில் அதைச் செய்ய வேண்டாம்.

## கோளாறுபோல் தெரியும், ஆனால் கோளாறு இல்லை

'சப்ஸ்டிட்யூட்' இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாம் பக்கத்தின் 'மை ஜெனரேஷன்' ஏறக்குறைய 15 நிமிடம் ஓடும், நடுவில் அதே குழுவின் 'டாமி' ஆல்பத்தின் மெட்டுகள் வரும். ஊசி வேறு பாட்டுக்குத் தாவவில்லை. மொத்தம் ஆறு பாட்டுதான், 14 பாட்டு என்பது 1995 சிடியின் கணக்கு. கூட்டத்தின் சத்தம் குறைவாகத்தான் கேட்கும். உறை பழுப்பு அட்டையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதுபோல் இருப்பதால் கள்ளப் பிரதி என்று நினைக்க வேண்டாம், அப்படித் தோன்ற வேண்டும் என்றே செய்தது அது. ஸ்டாம்ப் கறுப்பு, நீலம், சிவப்பு என்று அச்சுக்கு அச்சு மாறும்.

## அறிகுறி 7: உறையும் உள்ளே இருக்கும் தாள்களும்

விரியும் உறையில் ஒரு பையில் தட்டு, மறுபையில் லண்டன் மார்க்கீ கிளப்பின் போஸ்டர், உட்ஸ்டாக் இசை விழா ஒப்பந்தத்தின் நகல் முதலான தாள்கள். எல்லாத் தாள்களும் இருக்கும் பிரதிக்கு விலையே வேறு. அதனால் இங்கே அவசரப்பட்டுச் செய்யும் ரிப்பேர்தான் அதிக நஷ்டம்.

உறையில் வெண்மையாகப் பொடி படிந்து, முகர்ந்தால் ஈர மணம் வந்தால் பூஞ்சை. மற்ற ரெக்கார்டுகளிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் விரித்து உலரவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து மென்மையான பிரஷால் துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம், ஸ்டாம்ப் மை கலையும், அட்டையில் வட்டம் விழும். தட்டைத் தனியாகக் கழுவிப் புது உள்ளுறையில் போடுங்கள். பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட மனமில்லையென்றால் தனியாக வையுங்கள், தட்டோடு வேண்டாம்.

ஓரம் பிரிந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகி அட்டைக்குள் இறங்கும், பிறகு எதைக்கொண்டும் எடுக்க முடியாது. தட்டை உறைக்கு வெளியே, ஒரு வெள்ளை அட்டை உறையில் வைத்து, இரண்டையும் ஒரே பாலிஎத்திலீன் மேலுறைக்குள் போட்டால் விரிசல் மேலும் வளராது. கனமான, பளபளப்பான பிவிசி மேலுறை வேண்டாம். வெப்பத்தில் அது கசிந்து தட்டின் மேல் மங்கலான படலமாகப் படியும், அந்தப் படலம் கழுவினாலும் போகாமல் சரசரக்கும்.

தாள்களின் மடிப்பு கிழிந்திருந்தாலோ, இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ பிரிக்க முயல வேண்டாம். ஆவி காட்டிப் பிரிப்பது காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரின் வேலை. அதுவரை ஒட்டியது ஒட்டியபடியே தட்டையாக இருக்கட்டும்.